என் பக்கத்துக் கண்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நான் சௌக்கியம். நீயும் சௌக்கியமாகத்தான் இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் போன இரண்டு கடிதத்துக்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. அதனால் இதை உன் வீட்டுக்கு அனுப்பாமல் ஆஸ்பத்திரி ஆபீஸ் முகவரிக்கு அனுப்புகிறேன். மேஜைக்கு வந்த காகிதத்தை அங்கேயாவது படித்துத்தானே ஆக வேண்டும்.

போனில் சொல்லக்கூடாதா என்பாய். அம்மா போட்ட சட்டத்தை மாற்ற எனக்கு மனசு வரவில்லை. சேதி என்றால் போன், சண்டை என்றால் காகிதம். நாம் மூன்று பேரும் கத்தும்போதெல்லாம் "எழுதிக் குடு, சாப்பிட்டுட்டுப் படிக்கிறேன்" என்று பென்சிலை நீட்டுவாளே, எழுதி முடிப்பதற்குள் பாதிக் கோபம் போய்விடும் என்பது அவள் கணக்கு. எனக்குப் போகவில்லை. இது சண்டை. ஆகவே காகிதம்.

அண்ணன் என்னைப் பட்டறையை விட்டுத் துரத்தப் பார்க்கிறார். வாயால் சொல்லாமல் செய்து காட்டுகிறார். அளவு போட்டால் தானே கண்ணாடி வெட்டும் மிஷின் ஒன்று வாங்கலாம் என்று ஜனவரியில் சொன்னேன் இல்லையா, அன்றிலிருந்து ஆரம்பித்தது. நாங்கள் வேலை பெஞ்சுக்கு முன்னால் நிற்கும் விதம் உனக்குத் தெரியும். அவர் இடக்கைக்காரர், நான் வலக்கைக்காரன், முழங்கை இடிக்காமல் இருக்க அவர் இடது கோடியில், நான் அவருக்கு வலது பக்கத்தில். பதினெட்டு வருஷமாக அப்படித்தான். இப்போது என் பக்கத்தில் இருக்கிற வலது கண்ணை மட்டும் பாதி மூடிக்கொண்டு வேலை செய்கிறார். என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லையாம். சரி, மூடட்டும். மூடாத சமயத்தில் அந்த ஒற்றைக் கண்ணால் ஓரமாக என்னை வேவு பார்க்கிறார். இடது கண் ஸ்கேலின் மேல், வலது கண் என் மேல். இப்படி ஒரு பார்வையை நான் எந்த வில்லனிடமும் பார்த்ததில்லை.

அதோடு போகட்டும் என்றால், நான் பிடித்த ஆர்டர்களாகப் பார்த்துக் கண்ணாடியைக் கீழே போடுகிறார். இந்த வாரம் மட்டும் நாலு. இடது கையிலிருந்து கட்டர் நழுவுகிறது, கண்ணாடி நழுவுகிறது. போன திங்கள் ஒரு கல்யாணப் படத்துக்கு வெட்டிய கண்ணாடி அரை அங்குலம் குறைந்தது. "என்ன அளவு இது?" என்றேன். "ஸ்கேல்ல ரெண்டு ரெண்டு கோடா தெரியுது, நீயே எந்தக் கோடுன்னு சொல்லு" என்கிறார். வாடிக்கையாளர் முன்னால் கிண்டல். காலையில் பட்டறைக்குள் வரும்போது இடது செருப்பைத் தரையில் தேய்த்து இழுத்துக்கொண்டு வருகிறார். எனக்கு அந்தச் சத்தம் ஆகாது என்று தெரிந்தே செய்கிறார். பத்து நிமிஷம் இந்தக் கூத்தெல்லாம் நடக்கும், அப்புறம் ஒன்றுமே ஆகாதவர் மாதிரி டீ வாங்கிவரச் சொல்வார்.

அண்ணியிடம் சொன்னால், "அவர் கண்ல கண்ணாடித் தூள் விழுந்திருக்குன்னு சொன்னாரு, நீ வேற ஏன் அவரை நோண்டுற" என்கிறாள். நீதான் நடுவில் பிறந்தவள், நீதான் நியாயம் சொல்ல வேண்டும். நீ சொன்னால் அவர் கேட்பார். ஒரு வரியாவது எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். கழுத்து வலிக்குத் தைலம் தடவுகிறாயா?

பொறுமை தீர்ந்துபோன,
தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

அன்புள்ள என்று எழுத வரவில்லை. நலமா என்றும் கேட்கப்போவதில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய், நாலு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உன்னைப் பார்த்தேனே. அங்கே உன்னோடு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்தேன். பேசினால் வார்டே திரும்பிப் பார்த்திருக்கும்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நரம்பியல் பிரிவில் பத்தொன்பது வருஷமாக டிஸ்சார்ஜ் சம்மரி டைப் அடிக்கிறேன். டாக்டர்கள் முணுமுணுப்பதைக் காதில் வாங்கி, வீட்டுக்குப் போகிறவர் கையில் கொடுக்கிற தாளாக மாற்றுகிறவள். அண்ணனுக்கு வந்திருப்பதற்கு வெபர் சிண்ட்ரோம் என்று பேர். அந்த வார்த்தையை இத்தனை வருஷத்தில் நாலே முறைதான் அடித்திருக்கிறேன். ஐந்தாவது முறை என் அண்ணன் பேரோடு வேறு ஊர் ஆஸ்பத்திரித் தாளில் படித்தேன்.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன், கேள். கண்ணைத் திறக்கிற, கண்ணைத் திருப்புகிற நரம்பு நடுமூளையில் எந்தப் பக்கம் கிளம்புகிறதோ அந்தப் பக்கக் கண்ணுக்கே போகிறது. கைக்கும் காலுக்கும் போகிற நரம்புகள் அதே இடத்தின் வழியாக இறங்கி, இன்னும் கீழே போன பிறகுதான் பக்கம் மாறுகின்றன. அந்தச் சின்ன இடத்துக்கு ரத்தம் போகாமல் அடைத்துக்கொண்டால் வலது கண்ணும் இடது கையும் காலும் ஒன்றாக விழும். இமை தொங்கும், கருவிழி வெளிப்பக்கம் ஒதுங்கும், பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரியும். எதிர்ப்பக்கத்துக் கையில் பிடி இருக்காது, கால் இழுக்கும். வந்து வந்து போனால் அது எச்சரிக்கை. அன்றே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

அண்ணனுக்கு அது மூன்று வாரம் எச்சரிக்கை கொடுத்தது. நீ பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய். உன் பக்கத்துக் கண் மூடினால் உன்னை வெறுக்கிறார் என்று அர்த்தமா? உலகத்தில் எல்லாரும் உன்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறார்களா? கண் வலது, கை இடது, அது வேறு இது வேறு என்று அண்ணி நினைத்ததில் எனக்கு வருத்தமில்லை. படித்த டாக்டருக்கே ஒரு நிமிஷம் யோசனை வேண்டும். ஆனால் நீ?

விழுந்த அன்றைக்காவது மூளை வேலை செய்ததா? காலை பத்து மணிக்குப் பெஞ்சுக்குக் கீழே சரிந்தவரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாய். கண்ணாடித் தூளாம். அங்கே வரிசையில் உட்கார்த்தி வைத்து, கண்ணைக் கழுவி, அவர்கள் இவர் கையைத் தூக்க முடியாததைப் பார்த்துப் பதறி அனுப்பும்போது மணி மூன்று. அடைப்பைக் கரைக்கிற ஊசிக்கு முதல் சில மணி நேரம்தான் கணக்கு. அதை நீ தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டாய். கண்ணாடி வெட்டுகிறவருக்கு இடது கை போயிற்று.

ஒரு போன் போட்டிருக்கலாமே, தம்பி. ஒரே ஒரு போன். இந்தப் பாவத்தை நீ எங்கே கொண்டு போய் இறக்குவாய் என்று எனக்குத் தெரியவில்லை.

அவருக்கு மாத்திரை நேரம் தவறக்கூடாது. இரத்த அழுத்தத்தை இரண்டு வேளையும் பார்த்து எழுதிவைக்க அண்ணியிடம் சொல்.

அக்கா


ஏப்ரல் 9

அக்காவுக்கு,

அண்ணன் உயிரோடு இருக்கிறார், நீ கத்துகிற அளவுக்குத் தெம்பாக இருக்கிறாய், நான் இருக்கிறேன். குசலம் முடிந்தது.

கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது நான்தான். இல்லை என்று சொல்லவில்லை. கண்ணாடிப் பட்டறையில் ஒருத்தர் கண்ணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் நாங்கள் வேறு எங்கே போவோம்? பதினெட்டு வருஷத்தில் ஏழு தடவை அதே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறோம், மூன்று தடவை எனக்காக. கால் வரவில்லை என்றார், மயக்கத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன். அந்த ஐந்து மணி நேரம் என் கணக்கில் இருக்கட்டும். அதைச் சொல்லி என்னை எத்தனை முறை வேண்டுமானாலும் அடி.

ஆனால் மூன்று வாரமும் வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன் என்று மட்டும் சொல்லாதே. நான் உனக்கு எழுதினேன். மார்ச் 3-ம் தேதி. கண் மூடியதை, கண்ணாடி விழுந்ததை, ஸ்கேலில் இரண்டு கோடு தெரிந்ததை, செருப்பு இழுத்ததை, ஒன்று விடாமல். எனக்கு அது என்னவென்று தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். எனக்கு அது திமிராகத்தான் தெரிந்தது. உனக்குத் தெரிந்திருக்குமே. உன் ஆபீஸ் முகவரிக்கே எழுதினேன். பதில் வரவில்லை. பதில் வராதது எனக்குப் புதுசா என்ன, விட்டுவிட்டேன்.

அந்தக் கடிதம் உனக்கு வந்ததா, வரவில்லையா? அதை மட்டும் சொல்.

தம்பி


ஏப்ரல் 30

தம்பிக்கு,

உடனே எழுத முடியவில்லை. கழுத்து வலி, வேலை அதிகம், இரண்டு பேர் லீவு.

நீ சொல்கிற மாதிரி கடிதம் எதுவும் வரவில்லை. இந்த ஆபீஸ் தபால் பிரிவைப் பற்றி உனக்குத் தெரியாது. ஒரு நாளைக்கு இரண்டு மூட்டை வரும், ஒன்று போய்ச் சேரும், ஒன்று படிக்கட்டுக்கு அடியில் கிடக்கும். ஆபீஸுக்கு உன்னை யார் எழுதச் சொன்னது?

வந்திருந்தாலும் என்ன? உடம்பு சம்பந்தப்பட்டதைக் காகிதத்தில் எழுதி ஸ்டாம்ப் ஒட்டுகிறவனை நான் என்ன சொல்ல? சேதிக்குப் போன் என்று அம்மா சொன்னது உனக்கு மட்டும் மறந்துவிட்டதா? அவர் கையிலிருந்து நாலு கண்ணாடி விழுந்திருக்கிறது, உனக்கு ஆர்டர் போச்சே என்றுதான் கவலை. இதை இத்தோடு விடு. ஆகவேண்டியதைப் பார்.

அண்ணன் கை விரலை அசைக்கிறாரா? பயிற்சி சொல்லித்தருகிறவர் வாரத்துக்கு எத்தனை நாள் வருகிறார்?

அக்கா


மே 8

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். உங்கள் கழுத்து வலி தேவலையா? இங்கே உங்கள் அண்ணன் மெல்லத் தேறி வருகிறார். வலது இமை கால்வாசி திறக்கிறது. இரண்டு இரண்டாகத் தெரிவதால் ஒரு கண்ணை மூடிக்கட்டி வைத்திருக்கிறோம். கைத்தடியோடு குளியலறை வரை போகிறார். இடது கைதான் சொன்ன பேச்சுக் கேட்க மாட்டேன் என்கிறது. டம்ளரைப் பிடிக்கும், எப்போது விடும் என்று அதற்கே தெரியாது.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. இது உங்கள் வீட்டு வழக்கம். ஆனால் மனசில் இருப்பதைப் போனில் அவர் காதுபடச் சொல்ல முடியாது. உங்கள் தம்பியிடமிருந்து பட்டறைச் சாவியை வாங்கிவிட்டேன். வீட்டுப் பக்கம் வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். மூன்று வாரமாகப் பக்கத்திலேயே நின்று பார்த்தவன். ஆர்டர் போய்விட்டது என்று கோபித்துக்கொள்ளத் தெரிந்தவனுக்கு, மனுஷனுக்கு என்ன ஆச்சு என்று கேட்கத் தெரியவில்லை. "அக்காவுக்கு எழுதினேன் அண்ணி, நெஜமா எழுதினேன்" என்று வாசலில் நின்று சொன்னான். "உங்க அக்கா வரலைன்னு போன்ல சொல்லிட்டாங்க, இன்னும் எத்தனை பொய் சொல்லுவே" என்று கேட்டுக் கதவைச் சாத்தினேன். அவர் கட்டிலில் கிடந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

நானும் குருடியாகத்தான் இருந்தேன். கண்ணில் தூள் என்றார், தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். டம்ளரைப் போட்டார், திட்டினேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அறிவில்லை. நீங்கள் மட்டும் இங்கே இருந்திருந்தால் ஒரே பார்வையில் கண்டுபிடித்திருப்பீர்கள். அதைத்தான் தினமும் நினைத்துக்கொள்கிறேன். இந்தக் குடும்பத்தில் உண்மையை முகத்துக்கு நேராகச் சொல்ல நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள்.

முடிந்தால் ஒரு வாரம் வந்து தங்குங்கள்.

அன்புடன்,
அண்ணி


மே 20

அக்காவுக்கு,

நான் சௌக்கியம் என்று எழுதலாம். ஜன்னல் கண்ணாடி மாட்டுகிற ஒரு கடையில் கூலிக்கு நிற்கிறேன். நாற்பத்தொரு வயதில் ஏணியைப் பிடித்துக்கொள்ள எடுத்திருக்கிறார்கள். சாப்பாடு கடையில். படுக்கை ஒரு நண்பன் வீட்டில். மனைவி மக்கள் இல்லாதவனுக்கு அதுதான் வசதி, இல்லையா.

ஒரு சேதி. அண்ணனுக்குப் பயிற்சி சொல்லித்தருகிறவர் ஒரு கண்ணாடி கேட்டிருக்கிறார், முகம் பார்க்கிற கண்ணாடி. அதை இரண்டு கைக்கும் நடுவில் நிறுத்தி, நல்ல கையை அசைத்துக்கொண்டே கண்ணாடிக்குள் பார்க்கச் சொல்வார்களாம். படுத்துக் கிடக்கிற கையும் அசைகிற மாதிரி தெரியுமாம், மூளைக்கு அது ஒரு பழக்கம் கொடுக்குமாம். கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று அண்ணி சொல்லியிருக்கிறாள். "என் தம்பி வெட்டுனா போதும், வேற எவனும் வெட்டக்கூடாது" என்று அண்ணன் அடம் பிடித்திருக்கிறார். அவள் கோயிலோ கடையோ எங்கோ போயிருந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் மூலம் என்னைக் கூப்பிட்டுவிட்டார். கொண்டுபோய்க் கொடுத்தேன். ஓரமெல்லாம் தேய்த்து வழவழவென்று ஆக்கி, கீறாத மாதிரி.

அரை மணி நேரம் அவரோடு இருந்தேன். என்ன பேசினோம் என்று இப்போது எழுதப் போவதில்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தத் தபால் பிரிவில் விசாரித்தாயா? வந்த தபாலுக்கெல்லாம் ஒரு பதிவேடு இருக்குமே. மார்ச் முதல் வாரத்தைப் புரட்டிப் பார்க்கச் சொன்னால் யாரும் மாட்டேன் என்று சொல்லப்போவதில்லை. என் பேரில் விழுந்திருக்கிற பழி பெரிசு. நீ கொஞ்சம் சிரமப்பட்டுப் பார்க்கலாம்.

பதிலுக்குக் காத்திருக்கிறேன். அவசரமில்லை.

தம்பி


ஜூன் 6

தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். மழை பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது.

பதிவேடு, விசாரணை என்று போலீஸ்காரன் மாதிரி எழுதியிருக்கிறாய். செத்த பாம்பை எதற்கு அடிக்கிறாய்? அந்தக் கடிதம் கிடைத்தால் அண்ணன் கை திரும்பி வந்துவிடுமா? அண்ணியிடம் போய் ஒரு மன்னிப்புக் கேள், சாவியைத் தருவாள். ஒருத்தர் வணங்கினால் ஒருத்தர் இறங்கி வருவார்கள். உனக்கு அந்த வணக்கம்தான் வராது, பிறவியிலேயே வராது.

எல்லாவற்றுக்கும் நான்தான் பஞ்சாயத்துப் பண்ண வேண்டுமா? சின்ன வயதிலிருந்து உங்கள் இருவருக்கும் நடுவில் நின்று நின்று எனக்கு அலுத்துவிட்டது. மார்ச்சிலும் அலுத்துத்தான் இருந்தேன். உங்கள் இரண்டு பேர் சண்டை தவிர எனக்கு வேறு வாழ்க்கை இல்லையா?

கண்ணாடிப் பயிற்சி நல்லது. இங்கேயும் செய்கிறார்கள். தினமும் செய்யச் சொல்.

அக்கா


ஜூன் 28

தம்பிக்கு,

நீ பதில் எழுதவில்லை. மூன்று வாரம் ஆயிற்று. எழுதாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

உன் கடிதம் வந்தது.

மார்ச் 6-ம் தேதி வந்தது. தபால் பிரிவு ஆள் கொண்டுவந்து நீட்டிய தபால் கட்டைப் புரட்டி, எங்கே எல்லாம் கையெழுத்துப் போடச் சொன்னாரோ அங்கே எல்லாம் போட்டேன். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது போடுகிறேன், எதற்குப் போட்டேன் என்று பார்ப்பதில்லை. அதற்குள்ளே உன் உறை இருந்தது. உன் கோழிக் கிறுக்கல் எனக்குத் தெரியாதா. பார்த்ததுமே எரிச்சல் வந்தது. காகிதம் என்றாலே சண்டை. உறையைத் திறக்காமலே உள்ளே இருப்பது எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அண்ணன் இப்படிச் செய்தார், நீ நியாயம் சொல். முப்பது வருஷமாக அதே கடிதம்தான். மூன்றாவது டிராயரில் போட்டேன். குண்டூசி டப்பாவும் அங்கேதான் இருக்கிறது. தினம் ஐந்தாறு முறை அந்த டிராயரைத் திறப்பேன். உன் உறையை நகர்த்திவிட்டு ஊசி எடுப்பேன். இருபத்தொரு நாள்.

அண்ணன் விழுந்துவிட்டார் என்று அண்ணி போன் செய்த அன்று பஸ் பிடிக்கக் கிளம்பும்போது அதை எடுத்துக் கைப்பையில் போட்டேன். பஸ்ஸில் படித்தேன். மூன்றாவது பத்தியிலேயே தெரிந்துவிட்டது. டாக்டர் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை, தம்பி. வலது கண் பாதி மூடுகிறது, வெளிப்பக்கம் பார்க்கிறது, இடது கையில் பிடி இல்லை, இரண்டு கோடு, செருப்பு இழுக்கிறது, பத்து நிமிஷத்தில் சரியாகிறது. நீ கோபத்தில் எழுதியதை எங்கள் டாக்டர் கேட்டிருந்தால் உன்னை எழுந்து நின்று பாராட்டியிருப்பார். ஒரு டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பக்கத்தை நீ எழுதி அனுப்பியிருந்தாய், அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் வீட்டில் நான்தான். நான் அதைக் குண்டூசி டப்பாவின் மேல் போட்டுவைத்தேன்.

வார்டில் உன்னோடு பேசாமல் நாலு நாள் உட்கார்ந்திருந்தது கோபத்தால் இல்லை. உன் கடிதம் என் மடியில் பைக்குள் இருந்தது. நீ அழுதுகொண்டே வராந்தாவில் நடந்தாய். நான் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஊருக்குத் திரும்பி உனக்கு அந்தக் கடிதம் எழுதினேனே, அதில் உன்னைத் திட்டிய ஒவ்வொரு வரியும் யாருக்கு என்று எனக்குத் தெரியும். தெரிந்தே உன் பேரைப் போட்டேன். அண்ணி சாவியை வாங்கிவிட்டேன் என்று எழுதியபோதும் வாயைத் திறக்கவில்லை. உண்மை பேசுகிறவள் என்று எழுதியிருந்தாள். அந்த வரியைப் படித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன், சாப்பிட்டேன், எழுந்து கை கழுவினேன்.

நேற்று ஒரு தாள் அடித்தேன். அதே பேர். ஆறாவது முறை. பாத்திரக்கடையில் வேலை பார்க்கிற ஒருவர். அவருடைய தங்கை, ஒரு கண் இமை தொங்கியதையும் எதிர்க்கை தடுமாறியதையும் பார்த்து அன்றைக்கே தூக்கிவந்திருக்கிறாள். கை முழுதாகத் திரும்பிவிட்டது. கடைசி வரியை டாக்டர் சொன்னார், நான் அடித்தேன்: "உறவினர் உரிய நேரத்தில் கவனித்ததே காரணம்." அடித்து முடித்து, அச்சாகி வந்த தாளில் குத்த ஊசி எடுக்க அந்த டிராயரைத் திறந்தேன். அப்புறம் வேலை செய்ய முடியவில்லை.

மன்னிப்புக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை, அதனால் கேட்கவில்லை. அண்ணிக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நீ சொல்லிவிடு. அண்ணனுக்கு எதுவும் தெரிய வேண்டாம், அவர் மனசு தாங்காது.

அக்கா


ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

அன்புள்ள என்று நான் போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள். நீ போடவில்லை.

அண்ணன் சௌக்கியம். இமை பாதிக்குமேல் திறக்கிறது. இடது கை தட்டைப் பிடிக்கிறது. கட்டரைப் பிடிக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலது கையால் அளவு போட்டுப் பழகுகிறார். ஆறு அங்குலம் போடச் சொன்னால் எட்டு போடுகிறார். அவர் போட்டுக்கொண்டே இருக்கிறார்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை கிழிக்கப் போனேன். இந்தக் கடிதத்தோடு ஒரு அட்டை வைத்திருக்கிறேன். முதலில் அதைப் பார்.

ஞாபகம் வருகிறதா? மார்ச் 3-ம் தேதி கடிதத்தை நான் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். போன இரண்டுக்கும் பதில் போடாதவள் இதற்கும் போடாவிட்டால், வந்ததா இல்லையா என்றாவது தெரிய வேண்டுமே என்று. அட்டை என் கைக்கு வரவேயில்லை, அதனால்தான் ஏப்ரலில் அதைப் பற்றி எழுதவில்லை. அட்டை திரும்பிப் பட்டறைக்கு வந்த நேரம் நான் வெளியே ஆர்டர் கொடுக்கப் போயிருந்தேன். அண்ணன் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தன்னைப் பற்றித்தான் உன்னிடம் போட்டுக்கொடுத்திருக்கிறேன் என்று புரிந்து, சமயம் வரும்போது என்னைக் கிண்டல் பண்ணலாம் என்று அளவுப் புத்தகத்துக்குள் செருகிவைத்தாராம். அப்புறம் விழுந்துவிட்டார்.

அண்ணி என் முகத்தில் கதவைச் சாத்தியதை அவர் கட்டிலில் கிடந்தபடி கேட்டார். அன்றுதான் அட்டை ஞாபகம் வந்திருக்கிறது. மே மாதம் நான் கண்ணாடி கொண்டுபோனேனே, அப்போது பட்டறையிலிருந்து வீட்டுக்கு வந்திருந்த அளவுப் புத்தகத்தை எடுக்கச் சொல்லி அட்டையை என் கையில் வைத்தார். மார்ச் 6. உன் முழுக் கையெழுத்து, கீழே ஆபீஸ் முத்திரை. அண்ணியிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். அவர் நல்ல கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். வார்த்தை இன்னும் அவருக்குக் குழறும். "காட்டாதே. அவளே சொல்லட்டும்." சொல்லாவிட்டால் என்று கேட்டேன். "சொல்லுவா." எப்போது சொல்லுவாள் என்று கேட்டேன். "சொல்லுவாடா. நீ பொறுத்துக்கோ."

பொறுத்துக்கொண்டேன். ஏணியைப் பிடித்துக்கொண்டு பொறுத்தேன். பதிவேட்டைப் பார் என்று எழுதினேன், உனக்கு ஒரு வாசல் திறந்துவைத்தேன். நீ செத்த பாம்பு என்றாய். அன்று இரண்டு பேர் மேலும் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை, அக்கா. பொய் சொன்ன உன்மேல், உன் பொய்யை என் தலையில் வைத்துக் காவல் காக்கச் சொன்ன அவர்மேல். அவர் உன்னை நம்பினார், அந்த நம்பிக்கை ஜெயிப்பதற்காக நான் பட்டறையில்லாமல் ஐம்பது நாள் நின்றேன். யாராவது என்னிடம் கேட்டீர்களா?

உன் பக்கத்துக் கண் மூடினால் உன்னை வெறுக்கிறார் என்று அர்த்தமா என்று ஏப்ரலில் எழுதியிருந்தாய். அதை நான் அந்தக் கடிதத்தைத் தவிர வேறு எங்கேயும் சொல்லவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நானும் சரியாகப் படிக்கவில்லை. கோபமாக இருக்கும்போது இந்த வீட்டில் யாரும் எதையும் சரியாகப் படிப்பதில்லை.

ஆனால் நீ சொன்னாய். அட்டை இருப்பது தெரியாமல் சொன்னாய். அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். உன் கடிதத்தை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். தெரிய வேண்டாம் என்று எழுதியிருந்த வரியையும் சேர்த்துத்தான். மூடிய கண்ணிலிருந்தும் தண்ணீர் வந்தது. "நான் சொன்னேன்ல" என்றார், என்னமோ பந்தயம் ஜெயித்த மாதிரி. எழுந்து வந்துவிட்டேன்.

அண்ணியிடம் நான் சொல்ல மாட்டேன். அண்ணனும் சொல்ல மாட்டார். காகிதத்தில் எழுதி அனுப்புகிற வேலையும் வேண்டாம், போனும் வேண்டாம். அம்மா சட்டம் எல்லாம் போதும். நீ பஸ் ஏறி வா. அவள் முகத்தைப் பார்த்துச் சொல். சொல்லி, பட்டறைச் சாவியை அவள் கையிலிருந்து வாங்கி என் கையில் கொடு. உன்னை அவள் என்ன சொன்னாலும் நான் குறுக்கே வரமாட்டேன். என்னை அவள் சொன்னபோது நீ வரவில்லை.

இதையும் பதிவுத் தபாலில்தான் அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டு வாங்கு. வாங்கினதும் திற.

தம்பி